கரண்ட் பில்லைக் குறைக்க நான்கு வழிகள்: நியூ ஜெர்சி கடைக்காரர்களுக்கு எது பொருந்தும்?

நியூ ஜெர்சியில் 2025 ஜூன் 1 அன்று மின்கட்டணம் ஏறியது. வீடுகளுக்கு 17 முதல் 20 சதவீதம் வரை ஏற்றம். வீடுகளுக்கு மின்சாரம் வாங்க மாநிலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஏலத்தில்தான் சிறு கடைகளுக்கான மின்சாரமும் வாங்கப்படுகிறது, அவையும் தப்பவில்லை. மூல காரணம் கடைக்காரர் கையில் இல்லை. 13 மாநிலங்களின் மின்சாரத்தை நிர்வகிக்கும் பிஜேஎம் அமைப்பு 2024 ஜூலையில் வேறோர் ஏலம் நடத்தியது. ஒரு மெகாவாட் உற்பத்தித் திறனைத் தயாராக வைத்திருக்க ஒரு நாளைக்கு 28.92 டாலராக இருந்த விலை அந்த ஏலத்தில் 269.92 டாலருக்குப் போனது. அடுத்த ஜூனில் அது பில்லாக வந்து இறங்கியது.

எடிசன், இஸ்லின் வட்டாரத்தில் நம்மவர்கள் நடத்தும் உணவகங்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. அந்தக் கோடைக்குப் பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: “பிஎஸ்இஜி திட்டத்துல சேர்ந்தா பாதிக்கு மேல அவங்களே குடுப்பாங்களாமே, சேரலாமா சார்?” பிஎஸ்இஜி எங்கள் வட்டாரத்தின் மின், கேஸ் நிறுவனம். கரண்ட் அதிகம் இழுக்கும் பழைய சாமானை மாற்றப் பண உதவி செய்வதுதான் அவர்களுடைய திட்டம். சேரலாம். சேராமல் இருப்பதுதான் நஷ்டம். ஆனால் உள்ளே போக நான்கு வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கைக்காசும், கடையில் மாறும் சாமானும், சிக்கல் வந்தால் உங்களுக்காகப் பேசும் ஆளும் மாறுவார்கள்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கரண்ட் விற்கிற கம்பெனி எதற்குக் கரண்டைக் குறைக்கச் சொல்கிறது? இதில் ஏதாவது உள்குத்து இருக்குமோ என்று பலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். விஷயம் இதுதான்: 2018 மே மாதம் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட தூய ஆற்றல் சட்டம், மின் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் பயன்பாட்டை ஆண்டுக்கு 2 சதவீதமும் கேஸ் நிறுவனங்கள் 0.75 சதவீதமும் குறைத்துக் காட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதன்படி 2021 ஜூலை 1 முதல் இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவற்றை மாநில அரசிடமிருந்து மின், கேஸ் நிறுவனங்கள் எடுத்து நடத்துகின்றன. விற்பனை குறைவதால் வருமானம் அடிபடாதபடி கட்டணத்தைச் சரிசெய்துகொள்ளவும் பிஎஸ்இஜிக்கு அனுமதி உண்டு. ஆக, உங்களைச் சேர்ப்பதில் அவர்களுக்கு லாபம், சேர்க்காவிட்டால் இலக்கு தவறும். இன்னொன்று, இந்தத் திட்டச் செலவு உங்கள் பில்லின் டெலிவரிக் கட்டணத்துக்குள் (மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கட்டணம்) ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. நீங்கள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

டைரக்ட் இன்ஸ்டால்

சிறு கடைகளுக்கென்றே வகுத்த வழி இது. பொதுவாக உச்ச மின்தேவை, அதாவது கடை ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரம், 200 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். நூறு பேர் உட்காரும் உணவகம்கூட இந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கும். நிறுவனம் அமர்த்திய கான்ட்ராக்டர் வந்து கடையை இலவசமாகச் சுற்றிப் பார்ப்பார். லைட், கூலர், ஏசி, தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் எண்ணி ஒரு ரிப்போர்ட் தருவார். அதில் மொத்தச் செலவு, நிறுவனத்தின் பங்கு, உங்கள் பங்கு மூன்றும் இருக்கும். பெரும்பங்கை நிறுவனம் ஏற்கும். மீதியை உங்கள் கரண்ட் பில்லிலேயே வட்டியில்லாத் தவணையாகக் கட்டலாம். விகிதமும் தவணைக் காலமும் திட்டச் சுற்றுக்குச் சுற்று மாறும். இப்போதைய சுற்று 2025 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன் நண்பர் கடையில் போட்ட கணக்கை வைத்து உங்கள் கடைக்கு முடிவு செய்ய வேண்டாம்.

இதன் பலம் கைக்காசு. ஒரு கற்பனைக் கணக்கு: வேலை 20,000 டாலர், நிறுவனம் 70 சதவீதம் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 6,000. இரண்டு வருடத் தவணை என்றால் மாதம் 250 டாலர். கரண்டில் மாதம் 280 டாலர் மிச்சமானால் முதல் மாதத்திலிருந்தே கையை விட்டு எதுவும் போகவில்லை. வாடகை, சம்பளம், சரக்கு என்று மாதாமாதம் நெருக்கியடித்து ஓடும் கடைக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைப்பது கடினம்.

பலவீனம், வேலையைச் செய்பவர் நீங்கள் பார்த்துப் பிடித்த ஆள் அல்ல. எது சுலபமாக முடியுமோ அதை முதலில் முடிக்கத்தான் எந்த கான்ட்ராக்டரும் பார்ப்பார். சுலபமானது லைட். ரிப்போர்ட்டில் பத்து வரி இருந்தால் எட்டு வரி லைட்டாகவே இருக்கும். லைட் மாற்றுவது நல்ல காரியம்தான், ஆனால் ஒரு உணவகத்தில் கரண்ட் போகும் இடம் லைட் மட்டுமில்லை.

நான் கணக்கு பார்க்கும் ஒரு உணவகத்தில் சாப்பாட்டுக் கூடம் முழுக்க 5,000 கெல்வின் வெள்ளை லைட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். கெல்வின் என்பது லைட்டின் நிறத்தைச் சொல்லும் எண், கூடினால் வெள்ளை, குறைந்தால் மஞ்சள். சாம்பாரின் நிறமே மாறி, கூடம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் உரிமையாளர் சொந்தக் காசில் 3,000 கெல்வினுக்கு மாற்றினார். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு எண்ணைக் கேட்டிருந்தால் போதும். சமையல்கட்டுக்கு 4,000 அல்லது 5,000 சரி. ஜனங்கள் உட்காரும் இடத்துக்கு 2,700 அல்லது 3,000 என்று எழுதி வாங்குங்கள்.

நீங்களே கான்ட்ராக்டரைப் பிடித்து ரிபேட் வாங்குவது

இரண்டாவது வழியில் பொருளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை வைத்த ரிபேட். கான்ட்ராக்டர் உங்கள் ஆள், பிராண்ட் உங்கள் விருப்பம். பொருள் மட்டும் அவர்கள் ஏற்கும் பட்டியலில் இருக்க வேண்டும். லைட் என்றால் டிஎல்சி, சமையல் சாதனம் என்றால் எனர்ஜி ஸ்டார். இரண்டும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பொருள்களுக்கான தரச் சான்றுகள். முழுப் பணத்தையும் நீங்கள் முதலில் கட்டுவீர்கள், வேலை முடிந்து விண்ணப்பம் சரியாக இருந்தால் பிறகு செக் வரும். ரிபேட்டைக் கான்ட்ராக்டர் பேருக்கே எழுதிக் கொடுத்து, அந்த அளவு குறைத்துக் கட்டும் ஏற்பாடும் உண்டு. கைக்காசு குறைவென்றால் அதைக் கேளுங்கள்.

புதிதாகக் கடை திறப்பவர்களுக்கும், பக்கத்துக் கடையையும் எடுத்து விரிவாக்குபவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் வழி. டைரக்ட் இன்ஸ்டால் என்பது ஓடிக்கொண்டிருக்கும் பழைய சாதனத்தை எடுத்துவிட்டு நல்லதை வைப்பதற்கானது. காலி இடத்தில் புதிதாக வைப்பதற்கு அது பொருந்தாது.

இந்த வழியில் பணம் தொலையும் இடம் ஒன்றே ஒன்று: வரிசை. முன் அனுமதி வேண்டிய வேலைக்கு முன் அனுமதி வாங்காமல் சாமானை வாங்கிவிட்டால் ரிபேட் போச்சு. பழையதைக் கழற்றிக் குப்பையில் போட்ட பிறகு, அது என்ன வாட், எத்தனை இருந்தது என்று யாராலும் சரிபார்க்க முடியாது. அதனால் வேலைக்கு முன்பே ஒவ்வொரு சாதனத்தின் பெயர்ப் பலகையையும் மாடல் எண் தெரிகிறபடி போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

கடையிலேயே கழிவு

விற்பனையாளர் மட்டத்திலேயே தள்ளுபடியைச் சேர்த்துவிடுவது மூன்றாவது வழி. ரெஸ்டாரன்ட் சப்ளை கடையிலோ ஏசி மொத்த விற்பனையாளரிடமோ வாங்கும்போது இன்வாய்ஸிலேயே கழித்துத் தருவார்கள். காத்திருக்க வேண்டியதில்லை, காகித வேலையும் அநேகமாக அவர்களுடையது. வெள்ளிக்கிழமை மாலை ஃபிரையர் நின்றுபோனால் இதை விட்டால் வேறு வழி கிடையாது. சனிக்கிழமைக் கூட்டத்தை வைத்துக்கொண்டு யாரும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க முடியாதே. தொகை சிறியது, கடையில் ஸ்டாக் இருக்கும் மாடலுக்குத்தான் கிடைக்கும், அவ்வளவுதான் குறை. “இதுக்கு யூட்டிலிட்டி டிஸ்கவுன்ட் உண்டா?” என்று வாய்விட்டுக் கேட்டால்தான் சில கடைகளில் சொல்வார்கள்.

இஞ்சினியரை வைத்து அளந்து செய்வது

பள்ளி, பல்கலைக்கழகம், மருத்துவமனை, நகராட்சிக் கட்டடம் போன்றவற்றுக்கான வழி. மாதக்கணக்கில் அளப்பார்கள், எவ்வளவு மிச்சமாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவார்கள், கடைசியில் பெரிய தொகை வரும். சாதாரணக் கடைக்கு இது வேண்டாம்.

லைட்டைத் தாண்டி எங்கே பார்க்க வேண்டும்

டைரக்ட் இன்ஸ்டாலா, சொந்த கான்ட்ராக்டரா என்பதைத் தீர்மானிக்கும் முன் உங்கள் கடையில் கரண்ட் எங்கே போகிறது என்று பார்த்தாக வேண்டும். தோசைக் கடையையே எடுத்துக்கொள்வோம்.

மாவும் காய்கறியும் இருக்கும் வாக்-இன் கூலருக்குள் நிமிர்ந்து பாருங்கள். குளிர்க் காற்றைத் தள்ளும் சின்ன ஃபேன்கள் இரண்டு, மூன்று இருக்கும். பழைய கூலர் என்றால் அவற்றில் இருப்பது ஷேடட் போல் மோட்டார், கரண்டை வீணாக்கும் பழைய வகை. ஒன்று சுமார் 130 வாட் இழுக்கும். அதே வேலையை மின்னணு முறையில் ஓடும் புதிய வகையான ஈசி மோட்டார் சுமார் 50 வாட்டில் செய்யும். 80 வாட் மிச்சம் என்பது காதில் விழும்போது சின்னதாக இருக்கிறது. ஆனால் கடை மூடியிருக்கும்போதும், நன்றி தெரிவிக்கும் நாளிலும், பனிப்புயல் நாளிலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு மோட்டாருக்கு 700 யூனிட், மூன்றுக்கு 2,100 யூனிட். யூனிட் 18 சென்ட் என்றால் வருடம் 380 டாலர் அளவு. இதோடு முடியவில்லை. மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் கூலருக்குள்ளேயே சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற கம்ப்ரஸர் தனியாக உழைக்கிறது. மோட்டாரை மாற்றினால் அந்த உழைப்பும் குறையும்.

இரண்டு டியூப் போட்ட ஒரு பழைய லைட்டை எல்ஈடியாக மாற்றினால் சுமார் 30 வாட் குறையும். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 150 யூனிட். அதாவது ஒரு கூலர் மோட்டார், நாலைந்து லைட்டுக்குச் சமம். ரிப்போர்ட்டில் லைட் மட்டும் இருந்து கூலர் மோட்டார் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கூலர் கதவின் ரப்பர் கேஸ்கெட், பிளாஸ்டிக் திரை, கண்ணாடிக் கதவில் பனி படியாமல் இருக்க ஓடும் ஹீட்டருக்கான கண்ட்ரோல், இவையும் அதே வகை. விலை குறைவு, பலன் நிச்சயம்.

அடுத்தது எக்ஸாஸ்ட். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். காலையில் இட்லி வைக்கும்போது போட்ட எக்ஸாஸ்ட் ஃபேன் இரவு கல்லை அணைக்கும் வரை முழு வேகத்தில் ஓடுகிறது. மதியம் மூன்று முதல் ஐந்து வரை கல்லில் ஒன்றுமே இல்லாதபோதும் அதே வேகம்தான். ஃபேனின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகும், மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால் (0.8 × 0.8 × 0.8 = 0.51). புகையையும் சூட்டையும் பார்த்து வேகத்தைத் தானாக மாற்றும் சென்சார் கருவிகள் கிடைக்கின்றன. ஃபேன் மின்சாரம் போக, அந்த ஃபேன் வெளியே தள்ளுவது நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய ஜனவரிக் காற்றையும், குளிரவைத்த ஜூலைக் காற்றையும்தான். எனவே மிச்சம் கேஸ் பில்லிலும் ஏசியிலும் சேர்ந்தே தெரியும்.

இந்த எக்ஸாஸ்ட் வேலையை எல்லா டைரக்ட் இன்ஸ்டால் கான்ட்ராக்டரும் எடுத்துச் செய்யமாட்டார்கள். தீயணைப்பு அமைப்பும் நகராட்சி அனுமதியும் அதில் கலந்திருக்கின்றன. இங்கேதான் இரண்டாவது வழி முந்துகிறது. ஹூட் (அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் கூடு) வேலை தெரிந்த சொந்த கான்ட்ராக்டர், முன் அனுமதி, பிறகு ரிபேட். இரண்டு வழிகளையும் ஒரே கடையில் வேறு வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். ஒரே சாதனத்துக்கு இரண்டிலும் பணம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

நிறுவன ஊழியர் எதற்கு?

பெரிய கட்டடங்களுக்குத் தனி அக்கவுன்ட் மேனேஜர் இருப்பார். சிறு கடைக்கு அப்படி யாரும் தேடி வரமாட்டார்கள், நீங்கள்தான் கூப்பிட வேண்டும். பில்லில் இருக்கும் எண்ணுக்கு அடித்து, வியாபாரிகளுக்கான சிக்கனத் திட்டப் பிரிவைக் கேளுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. கான்ட்ராக்டரின் விற்பனையாளரே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். விற்பனையாளர் நல்லவராகவே இருந்தாலும், வேலை நடந்தால்தான் அவருக்குப் பணம். திட்டத்தை நடத்தும் ஊழியருக்கு உங்கள் லைட்டை விற்றுக் கமிஷன் கிடையாது.

அவர் செய்யக்கூடியவை சில இருக்கின்றன, தயங்காமல் கேளுங்கள். உங்கள் கணக்கின் பன்னிரண்டு மாதப் பயன்பாட்டை எடுத்து, நீங்கள் எந்த வழிக்குத் தகுதி என்று சொல்வார். கரண்ட் ஒரு கம்பெனி, கேஸ் இன்னொரு கம்பெனி என்றிருக்கும் இடங்களில் எந்தக் கம்பெனி முன்னின்று நடத்தும் என்பதைத் தெளிவாக்குவார். எடிசனிலேயே சில பகுதிகளில் கேஸ் எலிசபெத்டவுன் கேஸ், கரண்ட் பிஎஸ்இஜி. இரண்டு இடத்திலும் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை, அவர்களுக்குள் பேசிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. முன் அனுமதி எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதையும் அவர்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

எல்லாவற்றையும்விட, கான்ட்ராக்டர் தந்த ரிப்போர்ட்டை அவரிடம் வைத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள்? திங்கள்கிழமை விடுமுறை விடும் கடைக்கு வாரம் ஏழு நாள் கணக்குப் போட்டால் மிச்சம் ஊதிப்போய்த் தெரியும். இரண்டு, டிமாண்ட் கட்டணத்தில் ஏதாவது குறைகிறதா? உங்கள் பில்லில் யூனிட்டுக்கான பணம் தனி, மாதத்தில் ஒரு குறுகிய நேரத்தில் நீங்கள் இழுத்த உச்ச அளவுக்கான பணம் தனி. பிஎஸ்இஜியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த உச்சத்துக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. வாசலில் இரவு எரியும் லைட்டை மாற்றினால் யூனிட் குறையும், உச்சம் குறையாது. மதியக் கூட்ட நேரத்தில் ஓடும் ஏசியையும் எக்ஸாஸ்டையும் தொட்டால் இரண்டும் குறையும்.

வாசலுக்கு வரும் இன்னொருவர்

இவரைத் திட்ட ஆள் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. நியூ ஜெர்சியில் 1999 சட்டத்துக்குப் பிறகு மின்சாரத்தை யாரிடமும் வாங்கலாம். கம்பி மட்டும் பழைய கம்பெனியுடையது. இப்படி விற்பவர்கள் மூன்றாம் தரப்பு சப்ளையர்கள். மாநில ஆணையத்தின் லைசென்ஸ் பெற்ற, சட்டப்படியான வியாபாரம்தான். ஆனால் இவர்கள் அனுப்பும் விற்பனையாளர்களில் சிலர், “உங்க பில்லைக் குறைக்க வந்திருக்கோம், பில்லைக் காட்டுங்க” என்று மட்டும் சொல்வார்கள். அக்கவுன்ட் எண் கையில் கிடைத்து, கையெழுத்தும் விழுந்தால் உங்கள் சப்ளையே மாறிவிடும். முதல் சில மாதம் குறைந்த விலை, பிறகு மாறும் விலை, நடுவில் விலகினால் அபராதம் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும்.

வித்தியாசம் எளிது. சிக்கனத் திட்டம் உங்கள் கடையில் ஒரு சாமானை மாற்றும், கட்டண விலையைத் தொடாது. சப்ளையர் விலையை மாற்றுவார், சாமானைத் தொடமாட்டார். வந்தவர் மாற்றப்போவது எதை என்று ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ளலாம். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு அவர் பெயரைச் சொல்லி விசாரிக்கும் வரை பில்லைக் காட்ட வேண்டாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஓடிக்கொண்டிருக்கும் உணவகம் அல்லது மளிகைக் கடை, லீஸ் இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கிறது, கையில் பெரிய தொகை இல்லை என்றால் என் தீர்ப்பில் தயக்கமே இல்லை: டைரக்ட் இன்ஸ்டால். ஆனால் பட்டியலில் கூலர் வேலையைச் சேர்க்கச் சொல்லி, லைட் நிறத்தை எழுதி வாங்கி, ரிப்போர்ட்டை ஊழியரிடம் காட்டிய பிறகு கையெழுத்து.

சமையல்கட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களும், புதுக் கடை திறப்பவர்களும் சொந்த கான்ட்ராக்டர், ரிபேட் வழியில் போகலாம். டிசைன் போடும்போதே எக்ஸாஸ்ட் கண்ட்ரோலைச் சேர்த்துவிடுங்கள். ஹூட் மாட்டி முடித்த பிறகு சேர்ப்பது இரட்டைச் செலவு.

மொட்டைமாடி ஏசி பழசாகிவிட்டது என்றால் முதலில் லீஸை எடுத்துப் படியுங்கள். நம் கடைகளில் பல, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கடைகள் இருக்கும் ஸ்ட்ரிப் மாலில் இருக்கின்றன. கூரை மேல் இருக்கும் ஏசி யாருடையது, அதை மாற்றும் பொறுப்பு யாருடையது என்பது லீஸுக்கு லீஸ் வேறுபடும். லேண்ட்லார்டுடைய ஏசி என்றால் அவர் எழுதித் தராமல் எந்தத் திட்டமும் அதைத் தொடாது. கரண்ட் பில் நீங்கள் கட்டுகிறீர்கள், ஏசிக்குச் செலவு செய்ய வேண்டியவர் அவர். அதனால் அவருக்கு அவசரம் இருக்காது. ரிபேட் தொகையைக் காகிதத்தில் காட்டி, மீதியை லீஸ் நீட்டிப்போடு சேர்த்துப் பேசினால் ஒத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லீஸ் ஒரு வருடத்துக்குள் முடிகிறது, நீட்டிப்பீர்களா என்று தெரியாது என்றால் தவணை ஏற்பாட்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கடையைக் காலி செய்தால் மீதித் தொகை என்னாகும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பெரும்பாலும் உங்கள் தலையில்தான். அதற்குப் பதில் கேஸ்கெட், தெர்மோஸ்டாட் நேரம், கல்லை அணைத்திருக்கும் மதிய நேரத்தில் எக்ஸாஸ்டையும் அணைப்பது என்று கைக்கு அடக்கமானதைச் செய்துவிட்டு, ஏதாவது சாதனம் பழுதானால் கடையிலேயே கழிவு கிடைக்கிறதா என்று கேட்டு வாங்கினால் போதும்.